எம்டனில் இருந்தவர்கள்

எம்டன் என்றால் நமக்கு அது ஒரு ஆள். "அவனா? சரியான எம்டன் ஆச்சே" என்று சொல்லும்போது யாருக்கும் கடலோ, 1914இல் மதராஸில் குண்டு போட்ட அந்த ஜெர்மன் போர்க்கப்பலோ நினைவுக்கு வருவதில்லை. கெட்டிக்காரன், யாருக்கும் பிடிகொடுக்காதவன், கொஞ்சம் பயந்துதான் பழக வேண்டியவன் எல்லாம் அந்த நாலெழுத்துக்குள் அடக்கம். எமன், எமகாதகன் என்ற சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே இருந்ததால்தான் வடக்கு ஜெர்மனியில் இருக்கும் ஒரு துறைமுக ஊரின் பெயர் நம் வாயில் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது என்று எனக்கு ஒரு எண்ணம். இலங்கையில் சிங்களத்திலும் இந்தச் சொல் புழங்குகிறது.

எங்கள் வீட்டில் இந்தச் சொல்லோடு ஒரு கதையும் சேர்ந்தே வரும். 1914இல் என் பாட்டியின் அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. ஜார்ஜ் டவுன் பவழக்காரத் தெருவில் வீடு. நவராத்திரி சமயம், கூடத்தில் கொலு வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் இடி இடிப்பது போலச் சத்தம். மழைதான் என்று கொடியில் கிடந்த துணியை எடுக்க மாடிக்குப் போயிருக்கிறார்கள். துறைமுகத்துப் பக்கம் வானம் செக்கச்செவேல் என்று இருந்ததாம். "காக்காயெல்லாம் கரைய ஆரம்பிச்சுடுத்து, விடிஞ்சுடுத்துன்னு நெனச்சுண்டு" என்று பாட்டி சொல்வாள். தன் அம்மா சொன்னதை அதே வார்த்தைகளில் சொல்வாள், ஒரு சொல் கூட மாறாது. மறுநாள் காலை கொலுவைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஜட்கா பிடித்து எழும்பூர் போய், செங்கல்பட்டுக்கு ரயில் ஏறிவிட்டார்கள். அந்த வாரம் மதராஸை விட்டு ஓடிய ஆயிரக்கணக்கானவர்களில் அவர்களும் சேர்த்தி.

அந்தக் கப்பலில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று சின்ன வயதில் ஒரு முறை பாட்டியைக் கேட்டேன். "கடலோட போயிட்டா" என்றாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பாட்டி போய் வெகுநாள் கழித்து, கோட்டை அருங்காட்சியகத்தில் எம்டன் வீசிய குண்டின் ஒரு துண்டைப் பார்த்தேன். வெறும் இரும்புதான். விளிம்பு மட்டும் கிழித்த துணி போலப் பிசிறு பிசிறாக இருந்தது. அடித்து உடைத்த இரும்பு அப்படி இருக்காது, வெடித்துக் கிழிந்தால்தான் அப்படி வரும். அன்றைக்கு வீடு திரும்பியதும் படிக்க ஆரம்பித்தேன். ரொம்ப நாள் படித்தேன். பாட்டியிடம் கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மதராஸ் பகுதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அது பலருக்கும் தெரிந்ததுதான். எம்டன் 1908இல் டான்சிக் கப்பல் தளத்தில் கடலில் இறக்கப்பட்ட இலகுரக போர்க்கப்பல். சீனக் கரையில் ஜெர்மானியர் வைத்திருந்த சிங்தாவ் துறைமுகம் அதன் இருப்பிடம். முதல் உலகப் போர் தொடங்கியதும் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் அதைத் தனியாக வங்காள விரிகுடாவுக்குக் கொண்டுவந்தார். மூன்று புகைபோக்கிகளோடு நாலாவதாக ஒரு போலிப் புகைபோக்கி கட்டி, பிரிட்டிஷ் கப்பல் போலத் தோன்றச் செய்தார். மதராஸில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து அரைமணி நேரத்துக்குள் ஏறக்குறைய 130 குண்டுகள். லட்சக்கணக்கான கேலன் எண்ணெய் எரிந்தது. குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள். கரையிலிருந்து சுட்ட பீரங்கிகள் ஒன்றும் கப்பலைத் தொடவில்லை. உயர் நீதிமன்றத்தின் கிழக்குப் பக்கச் சுவரில் இதைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. தினமும் எத்தனையோ ஆயிரம் பேர் அதைத் தாண்டிப் போகிறார்கள்.

செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்து வழிகாட்டினார் என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டு. இல்லை. அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். வெள்ளைக்காரன் கோட்டைக்கு எதிரே குண்டு போட்ட கப்பலில் நம்மவர் ஒருவராவது இருந்திருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் செத்தவர்கள் இந்தக் கரையில் இருந்தவர்கள். அந்த ஆசைப் பேச்சில் அவர்களுக்கு இடமே இல்லாமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

முல்லர் கொடியவர் இல்லை. இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். இரண்டே மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தார். பலவற்றை மூழ்கடித்தார். அதற்கு முன்னால் அவற்றில் இருந்தவர்களை இறக்கிவிடுவார். பிடித்து வைத்தவர்களை ஒரு கப்பலில் மொத்தமாக ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார். அப்படிப் போன ஒரு கப்பல்காரர்கள் எம்டனுக்கு ஆரவாரம் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்டோபரில் டியெகோ கார்சியா தீவில் ஒதுங்கியபோது, போர் தொடங்கியதே அந்தத் தீவுக்காரர்களுக்குத் தெரியவில்லை. எம்டன்காரர்களும் சொல்லவில்லை. அங்கே ஒருவருடைய மோட்டார் படகு கெட்டுக் கிடந்ததைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அக்டோபர் 28 விடிகாலை பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ழெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலைத் தகர்த்தார்கள். 89 பேர் செத்தார்கள். வெளியே வரும்போது மூஸ்கே என்ற சிறிய பிரெஞ்சுப் போர்க்கப்பல் எதிர்ப்பட்டது, அதையும் மூழ்கடித்தார்கள். அப்புறம் நடந்ததுதான் என்னை நிறுத்திய இடம். எதிரிக் கப்பல்கள் துரத்தி வரக்கூடும் என்று தெரிந்தும் எம்டன் நின்றது. தண்ணீரில் தத்தளித்த பிரெஞ்சுக்காரர்கள் 36 பேரை மேலே ஏற்றிக்கொண்டது. அவர்களில் காயத்தால் இறந்தவர்களை ராணுவ மரியாதையோடு கடலில் விட்டார்கள். மற்றவர்களை வழியில் பிடித்த ஒரு பிரிட்டிஷ் கப்பலில் ஏற்றி, நடுநிலை நாட்டுத் துறைமுகத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து அவர்கள் முறை வந்தது.

நவம்பர் 9 காலை, இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுக்கூட்டத்தில் டைரக்‌ஷன் தீவு. அங்கே இருந்த கம்பியில்லாத் தந்தி நிலையத்தையும் கடலடித் தந்திக் கம்பிகளையும் அழிக்க, முதல் அதிகாரி ஹெல்முட் ஃபான் மியூக்கே தலைமையில் 50 பேர் படகுகளில் இறங்கினார்கள். நிலையத்தில் இருந்தவர்கள் அதற்குள் அபாயச் செய்தியை அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிய பெரிய கப்பல் கூட்டம் ஒன்று ஏறக்குறைய 50 கடல் மைல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது எம்டனுக்குத் தெரியாது. அதன் காவலுக்கு வந்த சிட்னி என்ற போர்க்கப்பல் திரும்பி ஓடிவந்தது. சிட்னி பெரியது, வேகமானது, அதன் ஆறு அங்குலப் பீரங்கிகள் எம்டனுடையவற்றைவிட வலுவானவை. கரையில் இறங்கியவர்கள் திரும்பி ஏறுவதற்குள் எம்டன் நங்கூரத்தை எடுத்துப் புறப்பட்டுவிட்டது. ஒரு வீட்டுக் கூரைமேல் ஏறி நின்று, தங்கள் கப்பல் சண்டை போட்டபடி தொடுவானத்துக்கு அப்பால் போவதை மியூக்கே பார்த்திருக்கிறார்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நடந்தது சண்டை. மூன்று புகைபோக்கிகளும் விழுந்தன. முன்பாய்மரம் சாய்ந்தது. சுக்கான் வேலை செய்யவில்லை. கப்பல் ஆழக்கடலில் மூழ்கினால் எல்லாரும் போய்விடுவார்கள் என்று முல்லர் அதை வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறைமேல் ஏற்றிவிட்டார். சிட்னி அங்கிருந்து எம்டனின் நிலக்கரிக் கப்பலைத் துரத்திக்கொண்டு போய், சாயங்காலம் நாலு மணி வாக்கில் திரும்பி வந்தது. எம்டனின் கொடி இன்னும் இறங்கவில்லை. சரணடைகிறாயா என்று கேட்ட சைகைக்கு ஒழுங்கான பதில் வரவில்லை. சைகைப் புத்தகங்களையெல்லாம் எம்டனில் அழித்துவிட்டிருந்தார்கள். சிட்னி மறுபடி சுட்டது. நகரவும் முடியாத கப்பல்மேல் விழுந்த அந்தக் குண்டுகளில் இன்னும் சிலர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் கொடி இறங்கியது. அந்தக் கடைசிக் குண்டுகள் தேவைதானா என்று அன்றிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். சிட்னி கேப்டன் கிளாசப்பின் இடத்தில் நின்று யோசித்தாலும், முல்லரின் இடத்தில் நின்று யோசித்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

எம்டனில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். சிட்னியில் நாலு பேர். எம்டனில் இறந்தவர்களில் மூன்று பேர் சீனர்கள், துணி வெளுப்பவர்கள். சிங்தாவில் கப்பலோடு ஏறியவர்கள், போர் வந்ததும் கப்பலோடே வந்துவிட்டார்கள். யாருடைய சக்கரவர்த்திக்காகவோ, யாருடைய சட்டைகளையோ துவைத்துக்கொண்டிருந்தவர்கள்.

அன்று ராத்திரியைப் பற்றிப் படித்தபோதுதான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். கொடி இறங்கியதும் சிட்னி உடனே காயம்பட்டவர்களை ஏற்றிக்கொள்ளவில்லை. டைரக்‌ஷன் தீவில் இறங்கிய ஜெர்மானியர்களைப் பிடிக்க வேண்டும் என்று போய்விட்டது. எம்டனில் உயிரோடு இருந்தவர்கள் வெயிலில் காய்ந்த இரும்புத் தளத்தின்மேல் கிடந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. சுற்றிலும் கடல், கூப்பிடு தூரத்தில் தென்னை மரங்கள் நிற்கும் கரை. நடுவில் பாறைமேல் அறையும் அலை. அந்த அலையில் இறங்கிக் கரை சேர முயன்றவர்களில் சிலர் அங்கேயே மூழ்கிப்போனார்கள். கரைக்குக் கயிறு கட்டப் பார்த்தார்கள், முடியவில்லை. சிலர் எப்படியோ கரை சேர்ந்தார்கள். அங்கேயும் நல்ல தண்ணீர் கிடைக்கவில்லை, தென்னையில் ஏறி இளநீர் பறிக்கும் நிலையில் யாரும் இல்லை. காயம்பட்டுக் கையை அசைக்க முடியாமல் கிடந்தவர்களைக் கடற்பறவைகள் கொத்த வந்தன. பக்கத்தில் இருந்தவர்கள் விரட்டிக்கொண்டே இருந்தார்கள். கட்டுப்போடத் துணி போதவில்லை. கப்பல் மருத்துவர் இருந்ததை வைத்து இரவு முழுக்க வேலை செய்தார். கரைக்குப் போன உதவி மருத்துவர் அங்கேயே இறந்துபோனார்.

பவழக்காரத் தெரு மாடியில் காக்காய் கரைந்ததையும் இந்தப் பறவைகளையும் என்னால் தனித்தனியாக நினைக்க முடிவதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏழே வாரம்.

மறுநாள் சிட்னி திரும்பி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டது. அடித்த அலையில் ஒவ்வொருவராக இறக்கி ஏற்றுவதே பெரும்பாடாக இருந்தது. கொழும்புக்கு வந்தபோது, அங்கே காத்திருந்த துருப்புக் கப்பல்களில் யாரும் ஆரவாரம் செய்யக் கூடாது என்று கிளாசப் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். கப்பலில் காயம்பட்டவர்கள் கிடக்கிறார்களே. ஆஸ்திரேலியக் கடற்படையின் முதல் பெரிய வெற்றி அது. வெற்றி பெற்ற கப்பல் துறைமுகத்துக்குள் வருகிறது, ஆயிரக்கணக்கான வீரர்கள் கப்பல் விளிம்பில் வரிசையாக நின்று வாய் திறக்காமல் பார்க்கிறார்கள். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, கரையில் விட்டுவந்த 50 பேர்?

சிட்னி டைரக்‌ஷன் தீவுக்குப் போனபோது அவர்கள் அங்கே இல்லை. முந்தின நாள் சாயங்காலமே கிளம்பிவிட்டிருந்தார்கள். அந்தத் தீவின் காயலில் ஆயிஷா என்று ஒரு பழைய பாய்மரக் கப்பல் நின்றது. நூறு டன் கூட இல்லை, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்து ஓட்டுவது. பாய்கள் இற்றுப்போயிருந்தன, அடிமரம் உளுத்திருந்தது. இதில் போகாதீர்கள் என்று தந்தி நிலைய ஆங்கிலேயர்களே எச்சரித்திருக்கிறார்கள். மியூக்கே கேட்கவில்லை. அப்புறம் அதே ஆங்கிலேயர்கள் சாப்பாட்டுச் சாமான், துணிமணி, புகையிலை எல்லாம் எடுத்துக் கொடுத்து, ஆரவாரம் செய்து வழியனுப்பினார்கள். காலையில் அவர்களுடைய தந்திக் கம்பத்தை வெடிவைத்துச் சாய்த்தவர்கள்தான் இவர்கள். டென்னிஸ் மைதானத்தின்மேல் விழாதபடி சாய்த்துக் கொடுங்கள் என்று கேட்டதும், இவர்கள் அப்படியே செய்ததும் நடந்திருக்கிறது. போர் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மனிதர்களுக்குள் இன்னும் மிச்சம் இருந்திருக்கிறது.

ஆயிஷாவிலும் தண்ணீர்தான் பிரச்சினை. தொட்டிகளில் இருந்த தண்ணீரில் பெரும்பகுதி கெட்டுப்போயிருந்தது. மழை வரும் வரை காத்திருந்து, பாயை விரித்துப் பிடித்து, அதில் வழிந்ததைத் தொட்டியில் நிரப்பினார்கள். வாளிகளிலும் பாத்திரங்களிலும் பிடித்து வைத்தார்கள். மழைக்காலத்தில் ஓட்டு வீட்டுக் கூரைக்குக் கீழே அண்டாவும் குடமும் வரிசையாக வைத்துப் பிடித்தவர்களுக்கு இந்தக் காட்சியைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆனால் இவர்களுக்கு அந்த மழை வராவிட்டால் எல்லாம் முடிந்துபோயிருக்கும். ஐந்தாறு பேர் படுக்க வேண்டிய இடத்தில் ஐம்பது பேர். போட்டிருந்த துணி நைந்து கிழிய, பதினெட்டு நாளில் சுமத்ராவின் பாடாங் துறைமுகம். டச்சுக்காரர்கள் நடுநிலை என்பதால் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது, மறுபடி கடல். டிசம்பர் நடுவில் ஷோய்சிங் என்ற ஜெர்மன் சரக்குக் கப்பலைக் கண்டுபிடித்து அதில் ஏறிக்கொண்டார்கள். ஆயிஷாவை அவர்களே துளையிட்டு மூழ்கடித்தார்கள். ஐந்து வாரம் வீடாக இருந்த கப்பல்.

1915 ஜனவரியில் ஏமன் நாட்டு ஹொதைதா, அப்போது ஜெர்மனியின் கூட்டாளியான துருக்கியின் கையில் இருந்த ஊர். மலையேறி சனா வரைக்கும் போய், காய்ச்சலில் விழுந்து, அந்த வழி சரிப்படாது என்று இறங்கி வந்தார்கள். செங்கடலில் இரண்டு சிறிய பாய்மரப் படகுகளில் வடக்கே போனார்கள், ஒன்று பாறையில் மோதிக் கவிழ்ந்தது. அப்புறம் ஒட்டகம். ஜித்தாவுக்குப் பக்கத்தில் பாலைவனத்தில் அரபு நாடோடிகள் அவர்களை மடக்கிச் சுட்டார்கள். ஒட்டகங்களைப் படுக்கவைத்து, அரிசி மூட்டைகளை அடுக்கி, அதன் பின்னால் பதுங்கி மூன்று நாள் தாக்குப்பிடித்தார்கள். மூன்று பேர் அங்கே செத்தார்கள். கோகோஸ் தீவில் தங்கள் கப்பல் போவதைப் பார்த்துத் தப்பியவர்கள், ஐந்து மாதம் கழித்து மணலில் செத்தார்கள். மற்றவர்கள் மே மாதம் அல் உலாவில் ஹெஜாஸ் ரயிலைப் பிடித்து, 1915 மே 23 அன்று துருக்கியின் கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) போய்ச் சேர்ந்தார்கள். கொடியைக் கைவிடாமல் வழி முழுக்கக் கொண்டுபோனார்கள்.

இன்னொருவர், லாவ்டர்பாக், பிடித்த கப்பல்களுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். அவரைச் சிங்கப்பூரில் சிறை வைத்தார்கள். 1915 பிப்ரவரியில் அங்கே இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது அந்தக் குழப்பத்தில் தப்பி, பாதி உலகத்தைச் சுற்றி ஜெர்மனி போனார். அது தனியாக எழுத வேண்டிய கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

முல்லர் மால்டாவிலும் பிறகு இங்கிலாந்திலும் கைதியாக இருந்தார். 1917இல் சுரங்கம் தோண்டித் தப்பிய இருபது பேருக்கும் மேற்பட்டவர்களில் அவரும் ஒருவர், ஆனால் பிடிபட்டார். இளம் வயதில் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாங்கிய மலேரியா கடைசி வரை விடவில்லை. போர் முடிந்ததும் எம்டனைப் பற்றி எழுதச் சொல்லிப் பலரும் கேட்டிருக்கிறார்கள். தோழர்களின் ரத்தத்தில் காசு பண்ணுவது போல இருக்கிறது என்று மறுத்துவிட்டார். 1923இல் ஐம்பது வயது ஆவதற்குள் இறந்துபோனார். மியூக்கே எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். பின்னாளில் போருக்கு எதிராகப் பேச ஆரம்பித்து, அதற்காக நாஜி ஆட்சியில் பேசவும் எழுதவும் தடை விதிக்கப்பட்டு, 1957 வரை வாழ்ந்தார். எம்டனில் இருந்த வீரனாக மட்டும் அவரை நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இந்தப் பின்பாதி ரொம்பப் பிடித்திருக்கிறது.

எம்டனில் உயிர் தப்பியவர்கள் தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்பதையும் சேர்த்துக்கொள்ள ஜெர்மனியில் உரிமை கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கும் அது தொடரும். அந்தப் பெயரோடு இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. இங்கே தெருவில் ஒருவரைச் செல்லமாகவோ பயந்தோ அழைக்கிற பெயர் அங்கே ஒரு வீட்டுப் பெயர்.

உடைந்த கப்பலில் கிடைத்த மெக்சிகோ வெள்ளி நாணயங்களைப் பதக்கமாகச் செய்து சிட்னியில் இருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். எம்டனின் ஒரு பீரங்கி சிட்னி நகரத்தின் ஹைட் பூங்காவில் நிற்கிறது. பாறைமேல் கிடந்த மிச்ச இரும்பை 1950களில் ஜப்பானியர்கள் வெட்டி எடுத்துப் போனார்கள். சிட்னி என்ற அதே பெயரோடு பிறகு வந்த போர்க்கப்பல் 1941 நவம்பர் 19 அன்று ஒரு ஜெர்மன் கப்பலோடு சண்டையிட்டு மூழ்கியது. அதில் இருந்த 645 பேரில் ஒருவர் கூட மிஞ்சவில்லை. அந்த ராத்திரியில் சிட்னிக்குள் என்ன நடந்தது என்று சொல்ல ஆளே இல்லை.

கொள்ளுப்பாட்டி குடும்பம் எம்டன் அழிந்த சேதி வந்த பிறகுதான் செங்கல்பட்டிலிருந்து திரும்பியது. வீட்டைத் திறந்தபோது கொலு அப்படியே இருந்ததாம், படியெல்லாம் எலிப்புழுக்கை. பாட்டி இதைச் சொல்லும்போது சிரிப்பாள்.

அவள் இருந்திருந்தால் நான் முதலில் சொல்லியிருப்பது அந்த வடக்கு கீலிங் ராத்திரியைத்தான். எல்லாரும் கடலோடு போகவில்லை பாட்டி, பாறைமேல் ராத்திரி முழுக்கக் கிடந்தார்கள், குடிக்கத் தண்ணீர் இல்லை என்று. அவள் என்ன கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். மதராஸில் குண்டு போட்டவர்களா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்தான்.

"ஐயோ, ஒரு வாய் தீர்த்தம் குடுக்க யாருமே வரலையாடா?"

வந்தாங்க பாட்டி. மறுநாள்தான் வந்தாங்க.